அகலம் எதுவரை?

கேள்வி: பழைய டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரில், அசல் வீல்களை மாற்றாமல் பின்பக்கம் மட்டும் அகலமான டயர் பொருத்தலாமா?
– வாசகர், மண்ணூர்பேட்டை

பதில்: பொருத்தலாம், ஆனால் எதுவரை என்பதை ஆசை அன்று, ரிம்மே தீர்மானிக்கும். பாடியில் வீல்ஸ் இந்தியா சக்கரங்களும் அம்பத்தூரில் டன்லப் டயர்களும் உருவான வட்டாரத்திலிருந்து இக்கேள்வி எழுவது மிகப் பொருத்தம். சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் அடிச்சட்ட அமைப்பையே சுருக்கி 1962இல் வெளிவந்த ஸ்பிட்ஃபயரின் தொடக்ககால ரிம், டயர் அமரும் இரு விளிம்புகளுக்கு இடையே 3.5 அங்குலம், அதாவது 89 மில்லிமீட்டர் மட்டுமே அகலமுடையது. டயரின் பக்கச்சுவர்களுக்கு இடைப்பட்ட அகலத்தை மில்லிமீட்டரில் குறிக்கும் எண்களுள் 145 இதற்கு இயல்பாகப் பொருந்தும். 175 எண்ணுள்ள டயரையோ, சிறிய செருப்புக்குள் திணித்த பெரிய பாதம்போல், ரிம் உள்நோக்கி நெருக்குவதால், தரையைத் தொடும் பரப்பு நடுவில் புடைத்து விரைவில் தேய்வதோடு, வளைவுகளில் பக்கச்சுவர் நெளிந்து வண்டியின் உறுதியும் குறையும். மேலும், பின்சக்கரங்கள் அச்சோடு சாய்ந்து ஏறியிறங்கும் ஊசல் அச்சு அமைப்பில், பாரம் ஏறும்போது அகன்ற டயர் மட்கார்டில் உரசக்கூடும். பின்பிடிப்பு மட்டும் மிகுந்தால், திருப்பத்தில் வண்டி வெளிப்புறமாக விலகும் போக்கும் வளரும். ஆகவே நான்கிலும் ஒரே அளவு டயரே நன்று. அகலம் கட்டாயமெனில், பிற்கால ஸ்பிட்ஃபயரில் வந்த 4.5 அங்குல ரிம்மை முதலில் பொருத்துவதே முறையாகும்.