நாலு மீட்டருக்கு மேல் ஒரு டிக்கி: ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்கு நன்றிக் கடிதம்

பெறுநர்: தலைவர் மற்றும் உறுப்பினர்கள், சரக்கு மற்றும் சேவை வரிக் கவுன்சில், புது தில்லி.

பொருள்: பழைய எஸ்டேட் கார் ஒன்று அடிமாட்டு விலைக்குக் கிடைக்க வழிசெய்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய கவுன்சிலாருக்கு,

தங்கள் தபால் பையில் வந்து விழுபவற்றில் முக்கால்வாசி, வரியைக் குறைக்கச் சொல்லும் மனுக்களாகத்தான் இருக்கும். இது நன்றிக் கடிதம். பதற வேண்டாம்.

தாம்பரத்துக்கு அப்பால் குடியிருக்கும் குடும்பஸ்தர் ஒருவர், இனி 'மனுதாரர்' எனப்படுவார், 2008-ஆம் ஆண்டுப் பதிவுள்ள டாடா இண்டிகோ மரீனா டீசல் காரை ஒரு புது ஸ்கூட்டரின் விலைக்கு வாங்கித் தினமும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். முன்னால் நின்று பார்த்தால் சாதாரண இண்டிகோ. பின்னால் கூரை இறங்காமல் அப்படியே நீண்டுபோய், நெட்டுக்குத்தாக விழுந்து, மேல்நோக்கித் திறக்கும் ஒற்றைக் கதவில் முடியும். எஸ்டேட் என்பார்கள், ஸ்டேஷன் வேகன் என்பார்கள். மனுதாரரின் தெருவில் ஆம்புலன்ஸ் என்பார்கள். வெள்ளை நிறம் வேறு. இவ்வளவு இடமுள்ள கார் இவ்வளவு மலிவாகக் கிடைத்ததில் தங்களுக்கும், தங்களுக்கு முன் வரி போட்டவர்களுக்கும் உள்ள பங்கைப் பதிவு செய்வதே இக்கடிதத்தின் நோக்கம்.

2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான கலால் வரி 24 விழுக்காட்டிலிருந்து 16-க்கு இறங்கியது. எது சிறிய கார்? நீளம் 4,000 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. எஞ்சின், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி. வரைதான். எடை என்ன என்று கேட்கவில்லை. எத்தனை பேர் உட்காரலாம், எத்தனை மூட்டை ஏற்றலாம் என்றும் கேட்கவில்லை. இஞ்ச் டேப்பைப் பிடித்தார்கள், எஞ்சினைப் பார்த்தார்கள், வேலை முடிந்தது.

உடனே ஊரெல்லாம் கத்தரிக்கோல் சத்தம். 2008-இல் இண்டிகோவின் வாலை நறுக்கி 3,988 மி.மீ.யில் இண்டிகோ சி.எஸ். வந்தது. 4,160 மி.மீ. நீளத்துக்கு வாட்டசாட்டமாக இருந்த மாருதி டிசையர், 2012-இல் 3,995-க்குள் உடம்பைச் சுருக்கிக்கொண்டது. 440 லிட்டராக இருந்த அதன் டிக்கி 316 லிட்டர் ஆனது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும் குடும்பங்களில், டிக்கியில் கிடந்த சூட்கேஸ் ஒன்று பின்சீட்டுக்காரரின் மடிக்கு இடம்பெயர்ந்தது. அரசுக்கு வரவேண்டிய வரியை மடியில் சுமந்தவர் என்று அவருக்கு ஒரு சான்றிதழாவது கொடுத்திருக்கலாம்.

எஸ்டேட்டுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அதன் உயிரே வாலில்தான் இருக்கிறது. மரீனாவின் நீளம் 4,150 மி.மீ. மிஞ்சிய ஆறு அங்குலத்தை வெட்டினால் மிஞ்சுவது ஒரு ஹேட்ச்பேக். அதைத்தான் இண்டிகா என்ற பெயரில் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தார்களே!

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது தாங்களாவது டேப்பைத் தூக்கிப் போடுவீர்கள் என்று பார்த்தால், சீதனம் போலப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய காருக்கு 18 விழுக்காடு, மற்றவற்றுக்கு 40. ஆக, 4,000-க்கும் 4,001-க்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு மில்லிமீட்டரின் விலை 22 விழுக்காடு. பூமியிலேயே விலை உயர்ந்த மில்லிமீட்டர் இதுதான் என்று மனுதாரர் சொல்லித் திரிகிறார். அவரிடம் ஆதாரம் கேட்க வேண்டாம்.

நியாயமாகப் பேசினால், இந்தியாவில் எஸ்டேட் காரைக் கொன்ற பழி முழுக்கத் தங்கள் தலையில் விழாது. 1992-இல் டாடா எஸ்டேட் வந்தது. பின்னால் மாருதி பலேனோ ஆல்டுரா, ஓப்பல் கோர்சா ஸ்விங், ஸ்கோடா ஆக்டேவியா காம்பி எல்லாம் வந்து பார்த்தன. வாங்க வந்தவர்கள் சுற்றிச் சுற்றி வந்து, "பிணம் ஏத்துற வண்டி மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்ற செடானுக்கு அட்வான்ஸ் கொடுத்தார்கள். 1994-இல் பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் வால்வோ கம்பெனி 850 எஸ்டேட்டை இறக்கி ஓட்டிய செய்தியெல்லாம் நம் ஷோரூம் வாசலில் எடுபடவில்லை. ஆசாமி ஏற்கெனவே படுக்கையில்தான் கிடந்தார். தாங்கள் செய்தது, அவர் எழுந்து வந்துவிடாதபடி கதவை வெளியே பூட்டியது மட்டுமே.

அதனால்தான் பழைய கார் சந்தையில் எஸ்டேட்டுக்குப் போட்டியே இல்லை. மனுதாரர் தேடிய காலத்தில் கார் கன்சல்டிங் கடைக்காரர்கள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒருவர் மரீனா என்றதும் கடற்கரைக்கு வழி சொன்னார். ஆல்டுராவின் 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் பட்டு மாதிரி ஓடும். ஆனால் இன்றைய பங்க்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களுக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்ற கவலை தனியாக வரும். ஆக்டேவியா காம்பியின் 1.9 டீசல் எஞ்சின் நீடித்து உழைக்கும். ஆனால் டைமிங் பெல்ட்டைக் காலத்தில் மாற்றாத ஆளிடமிருந்து வாங்கிவிட்டால், பெல்ட் அறுந்த அன்றைக்கு வால்வுகள் வளைந்து, காரின் விலையை மெக்கானிக்கிடம் இன்னொரு தரம் கொடுக்க வேண்டியிருக்கும். மிச்சம் மரீனா.

"முன்பாதி இண்டிகாதான், சார். டாக்ஸியா ஓடி ஓடி ஊரெல்லாம் பார்ட்ஸ் கிடக்கு. ஜி.பி. ரோட்டுல இல்லைன்னா புதுப்பேட்டையில எடுத்துடலாம்," என்றார் உடன் வந்த மெக்கானிக். பின்பாதி? "அதுக்கு ஆண்டவன்தான்."

அந்த மெக்கானிக் காரைப் பார்த்த விதத்தைக் கவுன்சிலார் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். இஞ்ச் டேப் இல்லாமல் ஒரு வண்டியை எப்படி அளப்பது என்று தெரிந்திருக்கும். முதலில் பின்சீட்டு பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ மூழ்கி எழுந்த காராக இருந்தால், எத்தனை வாட்டர் வாஷ் செய்தாலும் பெல்ட்டின் உள்சுற்றில் சேற்றுக்கோடு நின்றுவிடும். அடுத்து சீட்டுக்கு அடியில் கைவிட்டு, சீட் நகரும் தண்டவாளத்தில் துரு தட்டுகிறதா என்று தடவினார். சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கதவோரங்களில் ஒட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் அது வழுக்கி விழுந்தது. "பட்டி பார்த்திருக்கு. பரவால்ல, டிங்கரிங்தான், அடி பெருசில்ல." எஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து, உள்ளிருந்து புகை தள்ளுகிறதா என்று உள்ளங்கையை மேலே காட்டினார். பேக் கம்ப்ரஷன் இல்லை. டயரின் பக்கவாட்டில் கடைசி நாலு இலக்கத்தைப் படித்து, எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று சொன்னார். மீட்டர் காட்டிய கிலோமீட்டரை மட்டும் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிளட்ச் மிதியின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சிரித்தார்.

காகித வேலைகளில் சொல்ல அதிகமில்லை: படிவம் 29, படிவம் 30, கடன் நிலுவை இல்லை என்ற சான்று. 15 வயது முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் 5,000. முந்தைய உரிமையாளர் அதைக் கட்டி 2028 வரை நீட்டித்திருந்தார். வயது 20 தாண்டினால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் போட்டிருக்கிறார்கள். அது வேறு அமைச்சகத்தின் கருணை என்பதால் இங்கே விரித்துரைக்கவில்லை.

ஆனால் 2024 டிசம்பர் 21 தங்கள் கணக்கில்தான் வரும். அன்று ஜெய்சல்மரில் கூடிய 55-ஆவது கூட்டத்தில் பாப்கார்னை நுணுக்கி ஆராய்ந்தீர்கள். உப்புப் போட்டு உதிரியாகக் கொடுத்தால் 5 விழுக்காடு, பையில் அடைத்து லேபிள் ஒட்டினால் 12, கேரமல் சர்க்கரை பூசினால் 18. சோளப்பொரிக்கு இத்தனை சாதி பிரித்த அதே கூட்டம், பழைய கார்களை மட்டும் சமத்துவபுரத்தில் குடியேற்றியது. அதுவரை பெரிய எஞ்சினும் நாலு மீட்டரும் சேர்ந்த பழைய கார்களுக்கும் எஸ்.யூ.வி.களுக்கும் 18, மற்றவற்றுக்கு 12. மரீனா நீளத்தில் தோற்றாலும் எஞ்சின் 1,405 சி.சி. என்பதால் 12-இல் தப்பியிருந்தது. இனி எல்லாவற்றுக்கும் 18. இரண்டு எஞ்சினுக்கு நடுவே வித்தியாசம் தெரியாமல் போனவர்களுக்கு இரண்டு பொரிக்கு நடுவே தெரிந்தது எப்படி என்று மனுதாரரின் மனைவி கேட்கிறார். அவர் மனுதாரர் அல்ல என்பதால் அக்கேள்வியைப் புறக்கணித்துவிடலாம்.

இந்த வரி காரின் விலைக்கு அல்ல, வியாபாரியின் லாபத்துக்கு மட்டும்தான். கன்சல்டிங்காரர் 80,000-க்கு வாங்கி ஒரு லட்சத்துக்கு விற்றால், இடையிலுள்ள 20,000-க்கு 3,600 ரூபாய். லாபமே இல்லாவிட்டால் வரியும் இல்லை. ஆள் ஆளுக்கு நேரடியாக விற்றாலும் இல்லை. இவ்வளவு எளிய விஷயத்தை அறிவித்த விதத்தில், 12 லட்சத்துக்கு வாங்கிய காரை 9 லட்சத்துக்கு விற்றால் நஷ்டமான 3 லட்சத்துக்கும் வரி என்று நாடே வாட்ஸ்அப்பில் அலறியது. அந்த அலறல் அடங்குவதற்குள் மனுதாரர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் நேரடியாகப் பேசி முடித்துவிட்டார். தரகர் கமிஷன் மட்டும் போயிற்று. அதற்கு ரசீது இல்லை.

இனி வாழ்க்கை. பின்சீட்டை மடக்கினால் மகனின் சைக்கிள் சக்கரம் கழற்றாமல் படுத்துக்கொள்கிறது. 25 கிலோ அரிசிச் சிப்பங்களைத் தலைக்கு மேல் தூக்க வேண்டியதில்லை. முழங்கால் உயரத்தில் தள்ளிவிட்டால் போதும். மச்சினி கல்யாணத்தில் சீர்வரிசைத் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகப் போய்ச் சேர்ந்தன. அதுவரை ஆம்புலன்ஸ் என்று சொல்லிவந்த மாமனார் அன்று வாய் திறக்கவில்லை. பின்பக்கம் மட்டமாக முடிவதால் ரிவர்ஸ் எடுப்பதும் சுலபம்: கண்ணாடி எங்கே முடிகிறதோ அங்கே கார் முடிகிறது.

தொல்லைகளும் உண்டு. செடானில் சாமான் தனி அறை. எஸ்டேட்டில் சாமானும் மனிதரும் ஒரே வீடு. பண்ருட்டியில் வாங்கிப் போட்ட பலாப்பழம் விக்கிரவாண்டி வருவதற்குள் குடும்பத்தில் ஒருவராகிவிட்டது. திடீர் பிரேக்கில் சாமான் முன்னால் பாயத் தடுப்பு கிடையாது என்பதால், கனமானதைத் தரையில், சீட்டு முதுகை ஒட்டித்தான் வைக்க வேண்டும். மட்டமான முதுகுக்குப் பின்னால் காற்று சுழன்று தூசியை அள்ளி வந்து கண்ணாடியில் அப்பும். பின் வைப்பர் வேலை செய்யாத எஸ்டேட்டை வாங்குவது பாதிக் குருடாக ஓட்டச் சம்மதிப்பது. டிக்கிக் கதவைத் தாங்கும் கேஸ் ராடுகள் தளர்ந்துபோய், இப்போது துடைப்பக்கட்டை ஒன்று முட்டுக் கொடுக்கிறது. அதையும் காரின் உபகரணமாகக் கருதி வரி விதிக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் இங்கே சொல்லப்படுகிறது. சோதனைச் சாவடியில் கண்ணாடி வழியே எட்டிப் பார்க்கும் காவலரின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "வெள்ளை போர்டுல லோடு அடிக்கிறியா?"

இந்தக் காரையே தரையிலிருந்து சற்று உயர்த்திக் கொடுத்திருந்தால் அந்தக் காவலர் சல்யூட் அடித்திருப்பார். 2017-இல் வால்வோ வி90 கிராஸ் கன்ட்ரி இங்கே வந்தது. அசல் எஸ்டேட்தான். ஆனால் தரைக்கும் அடிவயிற்றுக்கும் நடுவே 210 மி.மீ. நாலு மீட்டருக்கு மேல் நீளம், 1,500 சி.சி.க்கு மேல் எஞ்சின், 170 மி.மீ. உயரம் மூன்றும் சேர்ந்தால் தங்கள் ஏட்டில் அது பெருவண்டி. அந்த 170-ஐச் சாமான் ஏற்றாமல்தான் அளக்க வேண்டும் என்று 2023 ஜூலையில் விளக்கமும் தந்தீர்கள். அதற்கும் முன்னால், 2013 பட்ஜெட் எஸ்.யூ.வி.க்குக் கலால் வரியை 30 விழுக்காடாக ஏற்றியபோது, மஹிந்திரா தன் எக்ஸ்.யூ.வி.500-ஐ 160 மி.மீ.க்குத் தாழ்த்தி அந்தக் கூடுதல் வரியிலிருந்து வெளியே வந்தது. நீளத்தை வெட்டினார்கள், உயரத்தைக் குறைத்தார்கள். உள்ளே எவ்வளவு கொள்ளும் என்பதை மட்டும் எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்கவில்லை. மனுதாரரின் மரீனாவோ நாலு பேரும் இரண்டு சிப்பமும் ஏறினால் தெருமுனை வேகத்தடையை உரசிக்கொண்டுதான் வீடு சேர்கிறது.

எனவே மனுதாரர் பணிவுடன் வேண்டுவது: எஸ்டேட் காருக்கு எந்தச் சலுகையும் அறிவித்துவிடாதீர்கள். அறிவித்தால் புதிதாக யாராவது செய்வார்கள், நாலு பேருக்குப் பிடித்துப்போகும், பழையதன் விலை ஏறும். அவருடைய தம்பியும் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறார்.

கார் உதிரிபாகங்கள் அனைத்துக்கும் ஒரே சீராக 18 விழுக்காடு என்று 2025 செப்டம்பரில் தாங்கள் செய்த மாற்றத்துக்கு மட்டும் தனியாக நன்றி. சென்ற மாதம் தெருக் கிரிக்கெட்டில் ஒரு பந்து, மரீனாவின் பின்கதவுக் கண்ணாடியை உடைத்துவிட்டது. அந்த 18-ஐ ஒரு பைசா குறையாமல் கட்ட மனுதாரர் தயாராக இருக்கிறார். அந்தக் கண்ணாடி எந்த ஊரில் கிடைக்கும் என்பதைத் தங்கள் அடுத்த கூட்டத்தில் விளக்கினால் போதும்.

இப்படிக்கு,
மனுதாரருக்காக.

இணைப்பு: ஆர்.சி. நகல் ஒன்று; கண்ணாடி இருந்த இடத்தில் ஒட்டியுள்ள தார்ப்பாயின் புகைப்படம் ஒன்று.