குகைக்குள் யுரேனியமா?

கேள்வி: குனோங் ராபாட் மலையைக் குடைந்தால் யுரேனியம் கிடைக்குமா?

பதில்: அங்குள்ள கெக் லோக் தோங் குகையில் புத்தர் கிடைப்பார்; யுரேனியம் கிடைப்பது கஷ்டம். அது சுண்ணாம்பு மலை. யுரேனியத்துக்குப் பேர்போன கனடாவின் அத்தபாஸ்காவுக்கு ஜாதகமே வேறு. அங்கே மணற்கல்லுக்கு அடியில் கிடக்கும் பழைய பாறையில் வெடிப்பு விழுந்து, சூடான உப்புநீர் புகுந்து, கல்லே களிமண்ணாகிப் போக, அந்த இடுக்குகளில் யுரேனியம் படிந்தது. துளைபோடுகிறவர்கள் முதலில் தேடுவது அந்தக் களிமண்ணைத்தான். நம் கிந்தா வட்டாரக் கருங்கல் கொடுத்தது வெள்ளீயம். வெள்ளீயம் அலசி மிஞ்சிய ‘அமாங்’ மணலில் மோனசைட் உண்டு. அதில் தோரியம் கணிசம், யுரேனியம் துளி. அதைக் கையாண்ட புக்கிட் மேரா ஆலை 1982இல் தொடங்கியது. கதிர்வீச்சுக்குப் பயந்து ஊர்மக்கள் வழக்குப் போட்டார்கள். மேல்முறையீட்டில் ஆலைதான் ஜெயித்தது, ஆனாலும் 1994இல் மூடப்பட்டது. கடப்பாரையைக் கீழே வையுங்கள், ஐயா!