என்ஜினுக்கு ஒரு திருப்பள்ளியெழுச்சி

திருக்கடையூரில் பொழுது விடிந்ததை மூன்று ஓசைகள் அறிவிக்கும். முதலாவது, அமிர்தகடேசுவரர் கோயில் மணி. இரண்டாவது, அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் வெளியூர்களிலிருந்து தம்பதிகளையும் அவர்தம் பேரன் பேத்திகளையும் சுமந்து வரும் வேன்களின் ஹாரன். மூன்றாவது, எங்கள் தெருப் பெரியவர் தம் காரின் சாவியைத் திருகி, பத்து நிமிஷ காலம் அதை நின்ற இடத்திலேயே உறுமவிடும் ஓசை. முன்னிரண்டும் ஒரு நாள் தாமதித்தாலும் தாமதிக்கும். மூன்றாவது தவறி நான் கண்டதில்லை.

இவரைத் தனி மனிதர் என்று எண்ணிவிடலாகாது. மயிலாடுதுறையிலோ கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ, வாசலில் கார் நிற்கும் தெரு எதுவாயினும், அங்கே இவருடைய பிரதிபிம்பம் ஒன்று இருந்தே தீரும். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, இடக்கையில் காப்பி டம்ளர். வலக்கையோ, காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் தாயின் பாவனையில் பானெட்டின் மேல் பதிந்திருக்கும். ஒரே வித்தியாசம், தாய் சூடு இறங்கினால் மகிழ்வாள். இவர் ஏறினால் மகிழ்வார்.

"தூங்கி எழுந்த மனுஷனை உடனே ஓடுன்னா ஓடுவானா, தம்பி? வாய் கொப்புளிச்சு, ஒரு வாய் காப்பி குடிச்சாத்தானே நடமாட்டமே வரும்? வண்டியும் அப்படித்தான். ஆறின என்ஜின் பெட்ரோலைக் குடிக்கும், சூடான என்ஜின் மிச்சம் பிடிக்கும்" என்பது அவர் சித்தாந்தம். இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது நியாயமன்று. உத்தரபாராவில் உருவாகி, 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் காரைத் தம் யௌவனம் முழுவதும் ஓட்டியவர் அவர். கார்புரேட்டர் வைத்த அந்த என்ஜினில், குளிர்ந்த வேளையில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் துளித் துளியாய் நின்றுவிடுமாதலால், சோக் குமிழை இழுத்துக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டி, சற்றே ஆசுவாசப்படுத்திய பிறகுதான் புறப்பட வேண்டும். அவசரப்பட்டால் வண்டி ஆஸ்துமாக்காரர் போல் இருமி, நடுத்தெருவில் நின்று மானத்தை வாங்கும். ஆகவே அன்று அது விவேகம். காலம் மாறிய பின்னும் விவேகம் மாறாமல் நின்றதுதான் விபரீதம்.

இப்போது அவர் வாசலில் நிற்பது மகன் வாங்கிக் கொடுத்த புதுக் கார். பெட்ரோலை இன்ஜெக்டர் பொடித்துத் தெளிக்க, என்ஜினின் உஷ்ணத்தைச் சென்சார் அளந்து சொல்ல, எவ்வளவு வேண்டுமென்று ஒரு சின்னக் கணிப்பொறி தீர்மானிக்கும் யந்திரம் அது. ஒருமுறை சர்வீசுக்கு வந்த மெக்கானிக் பையன் பணிவுடன் சொல்லிப் பார்த்தான்: "அரை நிமிஷம் போதுங்க ஐயா. அப்புறம் முதல் ரெண்டு கிலோமீட்டரை நிதானமா ஓட்டுங்க, தானா சூடாயிடும். நின்னுகிட்டு உறுமினா என்ஜின் சூடாகவே நேரம் பிடிக்கும். கியர்பாக்ஸும் டயரும் ஓடினாத்தானே சூடாகும்?" பெரியவர் அவனை ஆதுரத்துடன் நோக்கி, "நீ பிறக்குறதுக்கு முன்னாலேயே நான் வண்டி ஓட்டினவன்" என்றார். அந்த வாதத்துக்கு உலகில் மறுப்பில்லை.

நான் கணக்கு வழியில் முயன்றேன். சும்மா நிற்கும் சிறு காரின் என்ஜின் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பெட்ரோல் குடிக்கும். முக்கால் என்று வைத்துக்கொண்டாலும், நாளைக்குப் பத்து நிமிஷம் வீதம் மாதத்துக்கு ஏறக்குறைய நான்கு லிட்டர், ஒரு முழ தூரமும் நகராமல் காற்றோடு கலக்கிறது. அதுவும் பனி உறையும் தேசத்திலன்று; மார்கழி விடியலிலும் இருபது டிகிரிக்குக் கீழே இறங்க யோசிக்கும் காவேரிக் கரையில்! அவர் சிரித்து, சைலன்சர் முனையில் சொட்டிக்கொண்டிருந்த நீரைச் சுட்டிக் காட்டினார். எரிந்த பெட்ரோலின் நீராவி, ஆறிய குழாயில் பட்டுக் குளிர்ந்து வடிவது அது. "பாரு, வேர்க்குது! உழைக்குதுன்னு அர்த்தம்." அந்த வியர்வை, அவர் மனைவி குனிந்து குனிந்து இட்ட பதினைந்து புள்ளிக் கோலத்தின் ஒரு மூலையை நாள்தோறும் கரைத்துவந்தது. "ஏங்க, சாம்பிராணி போட்டா கொசுவாவது போகும், இந்தப் புகைக்கு எது போகுது?" என்று உள்ளிருந்து வரும் அசரீரியை அவர் செவியுறுவதில்லை, என்ஜின் ஓசை அதற்கும் உபகாரம்.

இறுதியில் தல புராணத்தையே துணைக்கழைத்தேன். "மார்க்கண்டேயனுக்காகக் காலனைக் காலால் உதைச்ச ஊர் இது. சுவாமி என்ன, காலைச் சூடேத்திக்கிட்டா உதைச்சார்?"

பெரியவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "உதைச்சவர் ருத்ரன், தம்பி. அவர் எப்பவுமே சூடுதான்."

இத்தனை சிரத்தையோடு பக்குவப்படுத்திய வாகனத்தில் அவர் செல்லும் தூரம்தான் எவ்வளவு என்று வாசகர் வினவலாம். பத்து நிமிஷம் கழிந்ததும் பானெட்டைக் கடைசியாக ஒருமுறை தொட்டு, திருப்தியுற்று, சாவியைத் திருகி என்ஜினை அணைப்பார். கதவைப் பூட்டி, பூட்டியதை இழுத்துப் பார்த்து, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடப்பார்.

"என்னங்க, கார் எடுக்கலியா?"

"கோயில் ரெண்டு தெரு தள்ளி இருக்கு. இதுக்குப் போய்க் காரா? பெட்ரோல் விக்கிற விலை தெரியுமா உனக்கு?"

அவர் முனை திரும்புவதற்குள், எதிர்வீட்டுத் திண்ணையில் அதுவரை பொறுமையுடன் காத்திருந்த பூனையொன்று குதித்து வந்து, இதமாகச் சுட்டுக்கிடந்த பானெட்டின் மேல் ஏறிச் சுருண்டு படுத்தது.