நகல் கார் நீலவியல்: பரபக்கமும் சுபக்கமும்

பாயிரம்

பாயிரம் இல்லாத நூலைப் பண்டிதர்கள் தொடமாட்டார்கள் என்பதால் அதை முதலில் முடித்துவிடுவோம். எல்லை: வடக்கே ஜெமினி மேம்பாலம், தெற்கே திருவான்மியூர், கிழக்கே வங்கக் கடல், மேற்கே மாம்பலம் ரயில் நிலையம். களம்: மந்தைவெளியில் ஒரு தகர ஷெட். நுதலிய பொருள்: அந்த ஷெட்டில் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, சாம்பல் நிறத்தில் நிற்கும் ஃபைபர் கிளாஸ் கார் ஒன்றுக்கு எந்த மெட்டாலிக் நீலம் அடிப்பது என்பது. கேட்போர்: காரின் சொந்தக்காரர், அவருடைய சகலை, பெயின்டர், வேறு வேலை இல்லாதபோது வந்துசேரும் அன்பர்கள். பயன்: கார் என்றாவது ஒருநாள் ஷெட்டைவிட்டு வெளியே வருதல்.

கார் அசல் அல்ல; ஷெல்பி கோப்ராவின் நகல். 1962இல் கரோல் ஷெல்பி என்ற அமெரிக்கப் பந்தய வீரர், இங்கிலாந்தின் ஏசி கம்பெனி செய்துவந்த எடை குறைந்த சிறிய காருக்குள் ஃபோர்டின் வி-8 எஞ்சினை இறக்கினார். அப்படிப் பிறந்த அசல்கள் ஏறத்தாழ ஆயிரம்தான். நகல்களோ அதைப் பல மடங்கு மிஞ்சிவிட்டன. எனவே தெருவில் ஒரு கோப்ராவைக் கண்டால் நகல் என்று கொள்வதே தர்க்கத்துக்கு உகந்தது. அது ஓடுமா, ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவாகுமா என்பவை தனி நூலுக்குரியவை. அந்த நூல் இதைவிடப் பெரியது.

மாற்றார் கொள்கையை எடுத்துச் சொல்லி மறுப்பது பரபக்கம். தன் கொள்கையை நிறுவுவது சுபக்கம். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் கைக்கொண்ட முறை இது. அங்கே பொருள் பதி, பசு, பாசம். இங்கே பாடி, பட்டி, பெயின்ட்.

பரபக்கம் 1: மயிலாப்பூர் மதம்

இம்மதத்தாருக்குப் பிரமாணமே எல்லாம். "அசல் என்ன நீலமோ அதுதான் நீலம், மற்றதெல்லாம் அபசாரம்" என்பது மூலக் கொள்கை. கோப்ராவுக்கு விதிக்கப்பட்டது ஃபோர்டின் 'கார்ட்ஸ்மன் புளூ'. அதன் நடுவே வெள்ளைக் கோடு. இதில் ஒரு சொட்டு கூட்டவோ குறைக்கவோ இவர்கள் சம்மதிப்பதில்லை. பாடாந்தரம் பிசகினால் சபாவில் எழுந்து வெளியே போகிறவர்கள் பெயின்ட் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பார்களா?

மறுப்பு வருமாறு. ஷெல்பியின் பந்தய அணி 1964இல் தன் கார்களுக்கு அடித்தது 'வைக்கிங் புளூ', வெளிறிய நீலம். 1965இல்தான் கார்ட்ஸ்மன் புளூவுக்கு மாறியது, ஆழ்ந்த நீலம். அப்படியானால் எந்த ஆண்டின் அசல்? "1965தான். அந்த வருஷம்தானே ஜெயிச்சாங்க!" என்றார் சகலை. உண்மைதான். 1965 ஜூலை 4 அன்று பிரான்சின் ரெய்ம்ஸ் பந்தயத்தில் ஷெல்பி அணி உலகப் பட்டத்தை உறுதிசெய்தது. ஆனால் அதற்கு உதவிய, மூடிய கூரை கொண்ட டேட்டோனா கூப்பே கார்கள் மொத்தமே ஆறு. ஒன்றன் பாடி கலிஃபோர்னியாவில் தட்டப்பட்டது. மற்ற ஐந்தும் இத்தாலியின் மோதெனாவில். அவை பந்தயத்தில் உரசி, கல்லடி பட்டு, மறுபடி பூச்சு வாங்கியவை. பெயின்ட் அடித்தவருக்கு அடுத்த பந்தயத்துக்குள் காய வேண்டும் என்பதே கவலையாக இருந்திருக்கும். அறுபது ஆண்டுகள் கழித்து மந்தைவெளியில் நான்கு பேர் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்க முடியாது.

ஃபோட்டோவைக் காட்டலாமே என்றால், அக்கால ஃபிலிம் ஒவ்வொன்றும் நீலத்தைத் தன் விருப்பப்படி வாங்கிக்கொண்டது. புத்தகத்தில் அச்சானபோது மை இன்னொரு பங்கு எடுத்துக்கொண்டது. மிஞ்சியிருக்கும் கார்களைப் போய்ப் பார்க்கலாமே என்றால், பழைய பூச்சு வெயிலில் மங்கியிருக்கும். புதுப்பிக்கப்பட்டிருந்தால், அதைப் புதுப்பித்தவரும் நம்மைப் போல ஷெட்டில் நின்று சண்டை போட்டவரே. ஆக, அசலுக்குத் தன் நிறத்தின் மேல் இல்லாத பக்தி நகலுக்கு அசலின் மேல் இருக்கிறது என்பது இந்த அதிகாரத்தின் முடிபு.

இம்மதத்துக்கு ஓர் உட்பிரிவும் உண்டு. மயிலை என்பதால் மயில்கழுத்து நீலமே பொருத்தம். கோயிலுக்குத் தலவிருட்சம் புன்னை என்பதுபோல ஊருக்குத் தலநீலம் வேண்டும் என்பது இவர்கள் வாதம். இதற்கு இரண்டு தடைகள். ஒன்று, மயில் கழுத்தில் நீலச் சாயமே கிடையாது. இறகிழைக்குள் மெலனின் குச்சிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் ஒளி அப்படித் திரும்புகிறது. இறகை அரைத்தால் கிடைப்பது பழுப்புப் பொடி. இரண்டு, தலபுராணப்படி புன்னையடியில் சிவனைப் பூசித்தது பெண் மயில். பெண் மயிலின் கழுத்தில் தெரிவது பச்சை. இந்த இரண்டாம் தடைக்கு அன்பர்களிடமிருந்து பதில் வரவில்லை; பேச்சு கற்பகாம்பாள் மெஸ் பக்கம் திரும்பிவிட்டது.

பரபக்கம் 2: அடையாறு மதம்

இவர்களுக்குக் கண் மேல் நம்பிக்கை இல்லை. கருவி மேல் உண்டு. மெட்டாலிக் பெயின்ட் என்பது நிறமியோடு நுண்ணிய அலுமினியச் செதில்கள் கலந்தது. நேரே பார்த்தால் செதில் ஒளியைத் திருப்பி அடித்துப் பளிச்சிடும். சாய்ந்து பார்த்தால் இருண்டுபோகும். ஆகவே ஒரே கோணத்தில் நிறத்தை அளப்பது அறியாமை. பல கோணங்களில் அளக்கும் நிறமாலைமானியை வைத்து, இரண்டு நீலங்களுக்கு இடையேயான தூரத்தை 'டெல்டா ஈ' என்ற எண்ணாகச் சொல்ல வேண்டும். எண் சிறிதானால் பொருத்தம் பெரிது.

இம்மதத்தின் பெருமை ஒரு சென்னைக்காரர். இங்கே பிறந்து, மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, ஐ.ஐ.டி. மெட்ராஸில் முனைவர் பட்டம் வாங்கிய மாஸ் சுப்பிரமணியன், 2009இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மின்னணுவியலுக்கான பொருள் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். யிட்ரியம், இண்டியம், மாங்கனீஸ் ஆக்சைடுகளைக் கலந்து ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸ் உலையில் சுட்டபோது, மாணவர் வெளியே எடுத்த தூள் பளீரென்று நீலமாக இருந்தது. இன்மின் நீலம் பிறந்த கதை இதுதான். "நம்ம ஊர்க்காரர் கண்டுபிடிச்சதையே அடிச்சிட்டா என்ன?" என்று ஓர் அன்பர் கேட்டார். இண்டியம் விலை தெரிந்த இன்னோர் அன்பர், "காரை வித்துத்தான் பெயின்ட் வாங்கணும். அப்புறம் எதுல அடிக்கறது?" என்றார்.

மறுப்பு: கருவி ஃபார்முலா தரும். கடைக்காரர் தராசில் கிராம் பிசகாமல் கலந்தும் தருவார். அதற்குப் பிறகு டப்பா பெயின்டர் கைக்கு வருகிறது. ஸ்ப்ரே கன்னில் காற்றழுத்தத்தைக் குறைத்து ஈரமாக அடித்தால் செதில்கள் உள்ளே அமிழ்ந்து நீலம் இருளும். அழுத்தத்தைக் கூட்டி உலர்வாக அடித்தால் செதில்கள் மேலே தங்கி நீலம் வெளிறும். தின்னர் வேகமா நிதானமா, கன் பாடியிலிருந்து எத்தனை அங்குலம், எத்தனை கோட் என்று ஒவ்வொன்றும் நிறத்தைத் தள்ளும். ஒரே டப்பாவிலிருந்து இரண்டு நீலம் வருவது ஷெட்டில் தினசரி நடப்பு. பெயின்டர் இதை ஒரே வரியில் சொன்னார்: "மெஷின் சொல்றது சரிதான் சார். ஆனா கன்னை மெஷினா புடிக்குது?"

இடைப்பிறவரல்: 1928

ஆய்வின் நடுவே ஓர் ஆண்டு மீண்டும் மீண்டும் குறுக்கிட்டது. கடல் ஏன் நீலம் என்று 1921இல் கப்பல் பயணத்தில் கேட்டு, அது வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமல்ல, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டியவர், மெரினாவைப் பார்த்து நிற்கும் மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன். அந்த வழியிலேயே போய் அவர் ராமன் விளைவைக் கண்டது 1928 பிப்ரவரி 28. அதே 1928இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத்தில் ஒரு சாயத் தொழிற்சாலையின் பாத்திரத்தில் எனாமல் விரிசல் விட்டது. வெளியே தெரிந்த இரும்பு உள்ளே இருந்த வெள்ளைப் பொருளோடு சேர்ந்து நீலக் கறை உண்டாயிற்று. இரும்புக்குப் பதில் தாமிரம் வைத்தபோது கிடைத்ததுதான் தாலோ நீலம். 1935இல் 'மொனாஸ்ட்ரல் புளூ' என்ற பெயரில் ஐ.சி.ஐ. கம்பெனி விற்கத் தொடங்கியது. இன்றும் கார் நீலங்களுக்கு முதுகெலும்பு அது. அதே 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கியது. அதே 1928இல் தி. நகரில் நல்லி சின்னசாமி செட்டி பட்டுக்கடை திறந்தார்.

இவற்றுக்குள் காரணகாரியத் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் இதைவிட மெலிந்த ஆதாரத்தில் கருத்தரங்குகள் கூட்டப்பட்டதுண்டு என்பதால் பதிவுசெய்து வைக்கிறோம்.

பரபக்கம் 3: தி. நகர் மதம்

இம்மதத்துக்கு நூல் இல்லை, கருவி இல்லை. அனுபவம் மட்டும் உண்டு. புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் பிட் எடுப்பவர்கள் இதன் ஆசாரியர்கள். கடைக்குள் டியூப்லைட்டில் கன கச்சிதமாகப் பொருந்திய துணியை அவர்கள் நம்புவதில்லை. புடவை முந்தானையையும் பிட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாசல்படிக்கு வருவார்கள். அங்கே பகல் வெளிச்சத்தில் ஒன்று ஊதாவாகவும் மற்றது பச்சையாகவும் விலகிவிடும். ஒரு விளக்கின் கீழ் ஒன்றாகவும் இன்னொன்றின் கீழ் வேறாகவும் தெரியும் இந்த இயல்பைப் பற்றி நிறவியலார் பாடப் புத்தகத்தில் அதிகாரமே எழுதியிருக்கிறார்கள். உஸ்மான் ரோட்டில் அது வாசல்படி அளவில் தீர்க்கப்பட்டுவிட்டது.

கோண விஷயத்திலும் இவர்கள் முன்னோடிகள். பாவில் ஒரு நிறம், ஊடையில் வேறு நிறம் என்று நெய்த பட்டு, மடிப்புக்கு மடிப்பு மாறும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மெட்டாலிக் பெயின்ட் புதுமையே அல்ல. எனவே, "சாம்பிளை ரெண்டு கையிலயும் புடிச்சு ஆட்டிப் பாருங்க" என்பது இம்மதத்தின் மகாவாக்கியம்.

மூன்றில் இதுவே உண்மைக்கு மிக அருகில் நிற்பது. ஆனால் ஒரு குறை உண்டு. புடவை உடுத்தியவரோடு நடக்கும். எல்லா வெளிச்சத்திலும் சற்று நேரம் இருக்கும். கார், அதிலும் நகல் கார், தன் ஆயுளில் பெரும்பகுதியை ஒரே இடத்தில் நின்று கழிக்கும். தி. நகர் நடைபாதை வெளிச்சத்தில் தேர்ந்த நீலம் அந்த நடைபாதைக்குத்தான் பொருத்தம். அங்கேயோ பார்க்கிங் கிடையாது.

சுபக்கம்

மூன்று மதத்தாரும் வாதிட்டுக் களைத்த நேரத்தில் பெயின்டர் கேட்டார்: "அண்ணே, வண்டி எங்க நிக்கப்போவுது?"

நம் கொள்கை இந்தக் கேள்வியிலிருந்து பிறக்கிறது. ஷெல்பியின் பட்டறை இருந்த லாஸ் ஏஞ்சலிஸ் வடக்கு 34 டிகிரியில் இருக்கிறது. அங்கே சூரியன் ஒருநாளும் தலைக்கு நேரே வராது. சென்னை 13 டிகிரி. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிவேளையில் நம் நிழல் நம் காலடிக்குள் போய்விடும். அப்போது படுத்திருக்கும் பானெட் வெயிலை நெஞ்சில் வாங்கி வெள்ளியாக மின்னும். நின்றிருக்கும் கதவு சாய்ந்த ஒளியில் இருண்டுவிடும். ஒரே கலவை, ஒரே கை, ஒரே கன். ஆனாலும் இரண்டு கார்களை ஒட்டவைத்ததுபோலத் தெரியும். கார்ட்ஸ்மன் புளூவைக் கிராம் சுத்தமாகக் கொண்டுவந்து இறக்கினாலும், அதன் மேல் விழப்போவது கலிஃபோர்னியா வெயில் அல்ல. நிறத்தை நகலெடுக்கலாம்; வெயிலை எடுக்க முடியாது.

இன்னொன்று. கண்ணுக்கு நிற ஞாபகம் மிகக் குறைவு. பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைத்தான் அது பொருத்திப் பார்க்கும். இந்தக் காரின் அருகே அசல் கோப்ரா வந்து நிற்கப்போவதில்லை. ஃபெண்டருக்குப் பக்கத்தில் கதவும், கதவுக்குப் பக்கத்தில் டிக்கியும்தான் நிற்கப்போகின்றன. ஆகவே பொருத்த வேண்டியது நகலை அசலோடு அல்ல, காரைக் காரோடு.

சூத்திரங்கள்

*படுத்ததும் நின்றதும் பார்த்தே தெளிக.* உரை: சாம்பிள் தகடு இரண்டு அடித்து, ஒன்றைக் கிடையாகவும் மற்றதை நிறுத்தியும், வண்டி நிற்கப்போகும் இடத்தில் காலை, உச்சி, மாலை என்று பார்க்க. இரவில் அங்கே எந்த விளக்கு எரியும் என்றும் பார்க்க. பழைய சோடியம் விளக்கின் மஞ்சளில் ஆழ்ந்த நீலம் கறுப்பாகிவிடும். ஆசைப்பட்டு அடித்தது அமாவாசையாகும்.

*அடித்த கையே அடிக்க முழுதும்.* உரை: சாம்பிள் அடித்த அதே ஆள், அதே கன், அதே அழுத்தம், அதே கோட் எண்ணிக்கை. சாம்பிளுக்கு மேலும் கிளியர் அடித்துக் காய்ந்த பிறகே முடிவு சொல்க. ஈர பெயின்ட்டைப் பார்த்து ஆமோதித்தவர் பின்னர் வருந்துவர்.

*கலவை ஒன்றே, கலம் பலவாயினும்.* உரை: வாங்கிய டப்பா எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கிய பிறகே தொடங்குக. அடிக்கும்போதும் கலக்கிக்கொண்டே இருக்க; செதில் அடியில் தங்கும். மிச்சத்தை எறியாதே. நாளை ஆட்டோ உரசும்.

*ஐப்பசிக்கு முன் அடித்து முடிக்க.* உரை: ஈரக் காற்றில் லாக்கர் வெளுத்துப் பூத்துவிடும். வடகிழக்குப் பருவமழைக்குப் பிரமாணம், கருவி, அனுபவம் மூன்றும் ஒன்றே.

புறனடை

மேற்கண்ட முறையில் ஒரு நீலம் தேர்வாகிவிட்டது. அது கார்ட்ஸ்மனுக்கும் வைக்கிங்குக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. மயிலாப்பூர் மதத்தார் அதை 1965 என்றும், அடையாறு மதத்தார் ஏற்கத்தக்க டெல்டா ஈ என்றும், தி. நகர் மதத்தார் "நல்லா எடுப்பா இருக்கு" என்றும் அவரவர் வழியில் ஏற்றுக்கொண்டனர். காரின் சொந்தக்காரர் அட்வான்ஸும் கொடுத்துவிட்டார்.

இந்நூலில் சொல்லாது விட்டது நடுவே ஓடும் கோடு. ஃபோர்டின் விம்பிள்டன் வெள்ளை லேசாகப் பால் நிறம் கலந்தது. அதுவா, சுத்த வெள்ளையா என்று சகலை நேற்று மாலை கேட்டிருக்கிறார். இரண்டாம் பாகத்துக்கான பாயிரம் எழுதப்பட்டு வருகிறது. எல்லை அதேதான், மேற்கே மட்டும், வேட்டிக் கடைகளை முன்னிட்டு, ஈரோடு வரை நீட்டப்பட்டுள்ளது.