தராசுக்காரர்கள்

என் தமக்கை போட்டுக் கொடுத்த ஆவக்காய் ஜாடியைச் சமையலறைத் தராசில் ஏற்றி, அறுநூற்றுச் சொச்சம் கிராம் என்று கூடத்தில் இருந்தவர்கள் அனைவருக்கும் கேட்கும்படி வாசித்து, பிறகு அதை இரண்டு விரல்களால் மேஜையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, “இது வராது ஸார்” என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பளித்த அந்த நண்பரை நான் இன்னும் மன்னிக்கவில்லை; மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. அடுத்த மாதம் நாங்கள் ஒரு சிறு கோஷ்டியாக உத்தரகண்டில் உள்ள ஹர் கி தூன் பள்ளத்தாக்குக்குப் போவதாகவும், கோவேறு கழுதைகளுக்கு உபத்திரவம் தராமல் அவரவர் ஆகாரத்தை அவரவர் முதுகிலேயே சுமப்பதாகவும் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் கழுதைகளுக்குக் காட்டப்பட்ட கருணை எனக்குக் காட்டப்படவில்லை என்பதே என் குறை.

மலைப் பிரயாண மூட்டையைக் கிராம் கிராமாகக் குறைக்கிற இந்தத் தராசுக்காரர்களின் குணவிசேஷங்களை நான் உங்களுக்கு விவரிக்கப் போவதில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்தவர்களும், தேசப்படத்தின் வெற்று ஓரங்களைக் கத்தரித்தவர்களும், தேயிலைப் பொட்டலத்தின் நூலைப் பிய்த்து எறிந்தவர்களும் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்கள் வீட்டுத் தராசும் மாவுக்கறை படியாத புதுத் தராசாகவே இருக்கும். எடை குறைந்ததாகவும், வயிற்றை நிரப்புவதாகவும், நாக்கு ஒப்புக்கொள்வதாகவும் உள்ள ஆகாரம் எது என்பதை இக்கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் ஆவக்காயின் தரப்பில் ஒரு வார்த்தை.

தராசுக்காரர்களின் சாஸ்திரம் மூன்றே சூத்திரங்களில் அடங்குவது: மாவுப்பொருளும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தரும், கொழுப்பு 9 தரும், தண்ணீர் ஒன்றுமே தராது. இவற்றை நான் மனப்பூர்வமாக ஏற்றுக்கொள்கிறேன். ஏற்றுக்கொண்டபின், நாளொன்றுக்கு 3,000 கலோரி வேண்டும் என்று நண்பரே வகுத்திருக்கையில், அதை அரிசியாகச் சுமந்தால் ஏறக்குறைய 850 கிராம் ஆகிறது என்பதையும், நல்லெண்ணெயாகச் சுமந்தால் 334 கிராமே போதும் என்பதையும் அவர் ஏன் ஏற்றுக்கொள்ளக் கூடாது? தர்க்கத்துக்கு உண்மையாக நடக்கிற தராசுக்காரர் ஒருவர் உலகத்தில் உண்டென்றால், அவர் ஐந்து நாள் பிரயாணத்துக்கு இரண்டு கிலோவுக்கும் குறைவான நல்லெண்ணெயைப் புட்டியில் ஊற்றிக்கொண்டு புறப்பட வேண்டும். காலையில் அரைக்கால் படி, மத்தியானம் அரைக்கால் படி, இரவில் ஏதோ பசிக்குத் தக்கபடி என்று அவர் அதை அருந்தலாம். அடுப்பு வேண்டாம், காஸ் வேண்டாம், பாத்திரம் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். ஆகவே பாத்திரம் தேய்ப்பது யார் என்ற விவாதமும், அதனால் முறியும் சிநேகங்களும் இல்லை. முழங்கால் வலித்தால் ஆகாரத்திலேயே கொஞ்சம் எடுத்துத் தடவிக்கொள்ளலாம். சனிக்கிழமை குறுக்கிட்டால் ஸ்நானத்துக்கும் ஆயிற்று. கதவு கிறீச்சிடும் சத்திரத்தில் தங்க நேர்ந்தால் அதற்கும் ஒரு சொட்டு விடலாம். மறுநாள் காலையில் வயிறு எழுப்பக்கூடிய ஆட்சேபங்களைப் பற்றி அந்த மூன்று சூத்திரங்களிலும் பிரஸ்தாபம் இல்லை என்பதால் நானும் அதைப் பேசவில்லை. இவ்வளவு மகிமை பொருந்திய எண்ணெயில் கழுத்துவரை மூழ்கி, உப்பையும் காரத்தையும் கூடுதல் கட்டணமின்றிச் சுமந்துவரும் ஆவக்காய் “வராது” என்று தள்ளப்பட்டது. ஆனால் எங்கள் அனுமதிப் பட்டியலில் ஒரு டஜன் எலுமிச்சம்பழம் இருக்கிறது! எலுமிச்சம்பழத்தில் பெரும்பகுதி எது என்று எந்தக் குழந்தையும் சொல்லும். தண்ணீருக்குப் பஞ்சமில்லாத இமயமலைக்கு, ஓடைகளின் ஓரமாகவே போகிற பாதையில், சென்னையிலிருந்து தோல் உறையிலிட்ட தண்ணீரை நாங்கள் கொண்டு போகிறோம்.

கொழுப்பைப் பற்றிய இந்த நியாயத்தை முற்றும் பின்தொடர்ந்தால், சென்ற சில ஆண்டுகளாக என் இடுப்பைச் சுற்றி நான் சிரத்தையுடன் சேமித்து வைத்திருப்பதும் பிரயாண ஆகாரமே என்றாகிறது. இதையும் நண்பரிடம் எடுத்துரைத்தேன். “அதைக் கணக்கில் சேர்த்தாயிற்று ஸார்” என்றார். அவர் சிரிக்கவில்லை.

பருப்பும் ராஜ்மாவும் பட்டியலில் இருக்கின்றன. ஹர் கி தூனின் உயரம் சுமார் 3,500 மீட்டர். அங்கே தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு இலேசில் வேகாது. அதனால் ஐந்து லிட்டர் குக்கர் ஒன்றும் உடன் வருகிறது. அந்தக் குக்கர் மட்டும் தராசில் ஏறவே இல்லை. காரணம் கேட்டேன், அது பொதுச் சாமானாம். பொதுச் சாமானுக்குத் தனிநபர் கணக்கில் எடை கிடையாதாம். ஆனால் பொதுச் சாமானைச் சுமக்கப் பொது முதுகு என்று ஒன்றைப் பகவான் படைக்கவில்லை.

1920களில் எவரெஸ்ட் சிகரத்தை நாடிப் போன ஆங்கிலேயர்கள் டப்பாவில் அடைத்த காடைக்கறியும் ஷாம்பேனும் கொண்டு போனார்கள். அவற்றைச் சுமந்தவர்கள் வேறு மனிதர்கள் ஆகையால் அந்த உதாரணம் எனக்கு உதவாது. தென் துருவத்தை எட்டிவிட்டு 1912-இல் திரும்பிக்கொண்டிருந்த ஸ்காட் கோஷ்டியின் கதை வேறு. உலர்ந்த மாமிசத்தையும் கொழுப்பையும் பிசைந்த பெம்மிகன் என்ற பதார்த்தத்தையும் பிஸ்கட்டையும் உண்டு, தாங்களே வண்டி இழுத்து, அடுத்த பெரிய உணவுக் கிடங்குக்குச் சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் பட்டினியாலும் குளிராலும் அவர்கள் மடிந்தபோது, அந்த வண்டியில் ஆராய்ச்சிக்கென்று எடுத்த கற்கள் 16 கிலோ இருந்தன. அந்த மகாபுருஷர்களைப் பரிகசிக்க எனக்கு மனம் வராது. அவர்கள் கடைசிவரை கல்லை விடவில்லை. நான் ஊறுகாயை விட வேண்டுமாம்.

அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்ற அம்மையார் 1955-இல், தம் 67-ஆவது வயதில், தாமே தைத்த பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, உலர்ந்த திராட்சையும் கொட்டை வகைகளும் சின்ன டப்பா இறைச்சியுமாகத் தின்றுகொண்டு, அப்பலாச்சியப் பாதை முழுவதையும், அதாவது 3,000 கிலோமீட்டருக்கு மேல், தன்னந்தனியே நடந்து முடித்தார். அந்த அம்மையாரிடம் கூடாரம்கூட இல்லை என்று நண்பருக்குச் சொன்னேன். “அப்போது சாஸ்திரம் வளரவில்லை” என்றார்.

வளர்ந்த சாஸ்திரம் எங்களுக்கு வாங்கித் தந்திருப்பது, நீர் நீக்கிய சாம்பார் சாதம் என்று மேலே அச்சிட்ட வெள்ளிநிறப் பொட்டலங்கள். வெந்நீர் ஊற்றி எட்டு நிமிஷம் காத்திருக்க வேண்டும். வீட்டில் ஒத்திகை பார்த்தோம். சாதம் இருந்தது, சாம்பாரின் நிறமும் இருந்தது. சுண்டைக்காயையும் மணத்தக்காளியையும் சித்திரை வெயிலில் காயவைத்த நம் முன்னோர் இதையெல்லாம் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மேடையேறிப் பேசுகிற கூட்டத்தில் சேர எனக்கு விருப்பமில்லை. அவர்கள் ஒரு பொட்டலத்துக்கு இவ்வளவு விலை வைக்கவில்லை என்பதை மாத்திரம் சொல்லிவைக்கிறேன். புளிக்காய்ச்சல் கொண்டு வரலாமா என்று கேட்டவருக்கு, அதிலுள்ள கடலைப்பருப்பை எண்ணிவிட்டுப் பதில் சொல்வதாக வாக்களிக்கப்பட்டிருக்கிறது.

எந்த ஆகாரம் உத்தமம் என்று சொல்வதாக ஆரம்பத்தில் ஒப்புக்கொண்டேன் அல்லவா? நண்பரின் பட்டியல் இன்னும் திருத்தத்தில் இருக்கிறது. நேற்று இரவு வந்த திருத்தப்படி சர்க்கரை பாதியாகக் குறைந்து, எலுமிச்சம்பழம் பதினெட்டாக உயர்ந்திருக்கிறது. இதற்கிடையில், எங்கள் கோஷ்டியில் ஓர் இடம் காலியாகியிருக்கிறது. நல்ல முதுகும், பருப்பில் ருசியும் உள்ளவர்கள், குக்கரைச் சுமக்கச் சம்மதம் என்று எழுத்து மூலமாகத் தெரிவித்தால், அந்த இடத்தை அவர்களுக்கே தருகிறோம். சொந்தமாகத் தராசு வைத்திருப்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்.