கிள்ளான் பள்ளத்தாக்கில் பிறந்தநாள் காசு: ஒரு நாணயமான ஆய்வு

காசு இரு வகைப்படும்: செலவாகும் காசு, செலவாகாக் காசு. செலவாகாக் காசு மேலும் இரு வகைப்படும்: செலவழிக்க முடியாதது, செலவழிக்கக் கூடாதது. மலேசியாவின் ஒரு ரிங்கிட் நாணயம் முன்னதில் சேரும். கள்ளக்காசுத் தொல்லை தாங்காமல் 2005 டிசம்பர் 7 முதல் அது செல்லாது என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா முடிவுகட்டிவிட்டது. வெல்வெட் பெட்டியில் படுத்திருக்கும் நினைவு நாணயம் பின்னதில் சேரும். அதன் முகத்தில் 1 ரிங்கிட் என்று போட்டிருக்கும், சட்டப்படி செல்லும், ஆனால் அதைக் கொடுத்து மிட்டாய் வாங்கிய பிள்ளையின் கதையைத் தீபாவளிக்குத் தீபாவளி சொல்லிக் காட்டுவார்கள். இந்தப் பின்னதைத்தான் நம் பெரியவர்கள் ஏழு வயதுப் பிள்ளையின் கையில் பிறந்தநாளன்று திணிக்கிறார்கள். எதைத் திணிப்பது முறை என்பதை வரையறுக்க இக்கட்டுரை முயல்கிறது.

ஆய்வின் மேற்கு எல்லை கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானா. கிழக்கு எல்லை பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தன். இரண்டையும் கொமுட்டர் ரயில் இணைக்கிறது. ஆய்வுக்குரிய பிள்ளை, கேக் வெட்டும் முன்பே கிரீமை விரலால் வழித்து நக்கும் பருவத்தினர். ஆய்வுக்குரிய பெரியவர், தாய்மாமன். அவரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அத்தை உடுப்பு எடுத்துவிடுவாள். சித்தி பள்ளிக்கூடப் பை வாங்கிவிடுவாள். தாத்தா கவரில் பணம் வைத்துவிடுவார். ‘என்னைக்கும் நிக்கிற மாதிரி ஏதாச்சும்’ கொடுக்க வேண்டிய பொறுப்பு மாமன் தலையில் விழுகிறது. காசு சேர்க்கும் கிறுக்கும் பெரும்பாலும் மாமனுக்குத்தான் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நம்ப ஆய்வாளர் தயாராக இல்லை.

துறையில் மூன்று கட்சிகள் உண்டு. முதலாவது தங்கக் கட்சி. இதன் தொன்மையை யாரும் மறுக்க முடியாது. தாய்லாந்தின் குவான் லுக் பாட் என்னும் இடத்தில் சிறிய உரைகல் ஒன்று கிடைத்தது, கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டுக்குரியது. அதில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ்ப் பிராமியில் பொறித்திருக்கிறது. ஆகவே கடல் கடந்து வந்த தமிழர் இந்தத் தீபகற்பத்தில் இறக்கிய பழைய சரக்குகளில் ஒன்று, தங்கத்தை உரசிப் பார்க்காமல் நம்பக் கூடாது என்ற எண்ணம். ஜாலான் தெங்கு கிளானாவின் நகைக்கடைகளில் அந்த எண்ணத்துக்கு இன்றுவரை ஒரு குறையும் வரவில்லை. “இது 916 தானே?” என்று கேட்காமல் எந்தப் பெண்மணியும் கைப்பையைத் திறப்பதில்லை. 22ஐ 24ஆல் வகுத்தால் கிடைக்கும் எண் அது. ஆங்கிலேயரின் பவுன் காசுக்கும் அதே மாற்றுத்தான். அந்தப் பவுன் காசில் வளையம் பற்றவைத்துக் காசுமாலையாகக் கோத்த நம் முன்னோர், சேகரிப்பு மதிப்பைச் சுத்தமாகக் கொன்று தங்க மதிப்பை மட்டும் காப்பாற்றினார்கள். அதில் தப்பில்லை. அடகுக்கடைக்காரர் எடையைப் பார்ப்பார், அரசர் யாரென்று பார்க்கமாட்டார்.

இக்கட்சியின் உள்நாட்டுக் கொடி, 2001 ஜூலை 17இல் வெளிவந்த கிஜாங் எமாஸ். 999.9 மாற்று, ஒரு அவுன்ஸ், அரை அவுன்ஸ், கால் அவுன்ஸ் என்று மூன்று அளவு. ஒரு அவுன்ஸ் காசின் முகமதிப்பு 200 ரிங்கிட். அந்த விலைக்கு யாராவது தருவதாக இருந்தால் ஆய்வாளரின் முகவரி எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பிள்ளையின் கோணத்தில் தங்கக் காசின் ஆயுள் மிகக் குறைவு. பெட்டி திறக்கப்படுகிறது, மினுங்குகிறது, போட்டோ எடுக்கப்படுகிறது. “இங்க குடு கண்ணு, அம்மா பத்திரமா வைக்கிறேன்” என்கிற வாக்கியத்தோடு சொத்து கைமாறுகிறது. அடுத்த தரிசனம் கல்யாணத்தில். இதைப் பரிசு என்று வகைப்படுத்த முடியாது. மைனர் பெயரில் போட்ட வைப்புத்தொகை.

இரண்டாவது, பிறந்த ஆண்டுக் கட்சி. வார இறுதியில் கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறி தாமான் ஜெயாவில் இறங்கி, பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் பழம்பொருள் சந்தைக்குப் போனால் இக்கட்சியினரைக் காணலாம். பிளாஸ்டிக் ஆல்பங்கள், பிஸ்கட் டின்கள், ஜப்பான்காரன் காலத்து வாழைமரத் தாள்கள், இவற்றுக்கு நடுவே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்திருப்பார்கள்.

“அண்ணே, 2018 இருக்கா? அக்கா மவன் பொறந்த வருசம்.”

“2018ஆ? ஒங்க பாக்கெட்டுலயே இருக்கும் பாருங்க தம்பி.”

இக்கட்சியின் முழுச் சிக்கலும் இந்த ஒற்றைப் பதிலில் அடங்கிவிடுகிறது. அண்மையில் பிறந்த பிள்ளையின் ஆண்டுக் காசு இன்னும் காய்கறிக் கடையில் புழங்கிக்கொண்டிருக்கிறது. அதைப் பரிசென்று நம்பவைக்க ஒரே வழி, கைபடாத காசாகத் தேடிக் கேப்சூலில் அடைத்து, தரம் சொல்வதுதான். தரம் சொல்லும் அளவுகோல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949இல் வகுத்தது. 1 முதல் 70 வரை புள்ளி. 70 வாங்கிய காசு, 1 வாங்கியதைவிட 70 மடங்கு விலை போகும் என்பது அவருடைய கணக்கு. இன்றைய நடைமுறையில் 70 வாங்க வேண்டுமானால், ஐந்து மடங்கு பெருக்கிப் பார்த்தாலும் குறை தெரியக் கூடாது. இதே ஷெல்டன்தான் மனிதர்களையும் ஒல்லி, பருமன், கட்டுடல் என்று மூன்றாகப் பிரித்து, உடல்வாகை வைத்துக் குணம் சொன்ன உளவியலாளர். அந்த வேலையைக் கல்யாண மண்டபத்தின் முன்வரிசையில் உட்கார்ந்து சம்பளமில்லாமல் செய்யும் பெரியம்மாக்கள் நம்மிடம் ஏராளம். அவர்களில் ஒருவரும் புத்தகம் எழுதாமல் போனதுதான் குறை.

70 புள்ளிக் காசுக்கு இயற்கையில் ஒரே எதிரி உண்டு. அது விரல். தோலின் வியர்வை பளபளப்பில் படிந்து, நாளடைவில் ரேகை ரேகையாகக் கறை ஏறும். பிள்ளையோ விரலால் உலகை அறியும் ஜீவன், அந்த விரலிலும் கிரீம். இப்படியொரு பொருளை அப்படியொரு ஆளிடம் கொடுத்து, ‘தொடாதே’ என்றும் சொல்வது பரிசுமல்ல, கல்வியுமல்ல. பிள்ளை மாமனை மறந்துவிடும். ‘தொடாதே’ மட்டும் நினைவிலிருக்கும்.

மூன்றாவது, பழங்காசுக் கட்சி. இதன் கொள்கையைக் கிள்ளானில் ஒரு வீட்டில் நேரடியாகச் சோதித்துப் பார்த்தோம். கொடுத்தது 1940ஆம் ஆண்டின் மலாயா ஒரு சென்ட், முடிசூடிய ஆறாம் ஜார்ஜ், வெண்கலம், சதுரம். இந்தச் சதுரத்துக்கு இல்லற வாழ்வில் தனி மரியாதை உண்டு. அது உருளாது. உருளாத காசு அலமாரிக்கு அடியில் போகாது. அலமாரியை நகர்த்தும்படி வீட்டுக்காரரை யாரும் எழுப்பமாட்டார்கள். 1962இல் குறுக்கிட்ட இரு கிரிஸ் கத்திகளோடு வட்டமான ஒரு சென்ட் வந்தது. அந்த மாற்றத்தை எதிர்த்து யாரும் மனுக் கொடுக்கவில்லையா என்பது தனி ஆய்வுக்குரியது.

பல கை மாறியதில் காசின் மூலைகள் மழுங்கி, மன்னரின் காது தேய்ந்து, உடம்பு முழுக்க ஆழ்ந்த பழுப்பு ஏறியிருந்தது. சேகரிப்பாளர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவது அந்தப் பழுப்பைத்தான். பையன் அதைக் கையில் வாங்கி, நான்கு மூலையையும் தடவிப் பார்த்து, முதல் வேலையாக மோந்து பார்த்தான். பிறகு காசு சமையலறைப் பக்கம் போனது. திரும்பி வந்தபோது அதைப் பையனின் பாட்டி முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார்.

“என்னா தம்பி, புள்ளைக்கு இப்படியா அழுக்குக் காசக் குடுக்கிறது? புளி போட்டுத் தேச்சிட்டேன். இப்பப் பாருங்க.”

பார்த்தோம். மன்னர் புதுச் செம்பு நிறத்தில் தகதகவென்றிருந்தார். குத்துவிளக்குக்கு என்ன பக்குவமோ அதே பக்குவம்: ஊறவைத்த புளி, கொஞ்சம் உப்பு, கட்டைவிரல் அழுத்தம், மூலைகளுக்குத் தேங்காய் நார். ஷெல்டன் அளவுகோலில் இதற்கு இறங்குமுகம்தான். தேய்த்த காசை விவரம் தெரிந்த வியாபாரி திருப்பித் தந்துவிடுவார். பாட்டியின் தரப்பையும் பதிவு செய்ய வேண்டும். மண்ணிலிருந்து எடுத்த செப்புக் காசுகளைத் தொல்லியல் ஆய்வகங்களே வேதிமுறையில் சுத்தம் செய்கின்றன; அவர்களிடம் சான்றிதழ் இருக்கிறது, பாட்டியிடம் புளி இருக்கிறது. பையனுக்கு எந்த மன வருத்தமும் இல்லை. “பாட்டி, இன்னும் பளபளன்னு ஆக்க முடியுமா?” என்று கேட்டான். சோதனை அத்தோடு நிறுத்தப்பட்டது.

இனி ஆய்வின் மையக் கருத்து. பேங்க் நெகாரா 1989இல் இரண்டாம் வரிசை நாணயங்களை வெளியிட்டது. ஒரு பக்கம் செம்பருத்தி. மறுபக்கத்தைத்தான் துறையினர் யாரும் சரியாகப் படிக்கவில்லை. 5 சென்னில் காசிங் என்னும் பம்பரம். 10 சென்னில் சொங்காக் பலகை, நம் பல்லாங்குழிக்கு நெருங்கிய உறவு. 50 சென்னில் வாவ் பூலான், வால் பக்கம் பிறை வளைந்த பட்டம். 1 சென்னில் ரெபானா மேளம். ஒரு நாட்டின் மத்திய வங்கி, தெரிந்தோ தெரியாமலோ, ஒரு விளையாட்டுச் சாமான் பெட்டியையே உலோகத்தில் அடித்து இரண்டு பத்தாண்டுக்குமேல் ஊரெல்லாம் புழங்கவிட்டிருக்கிறது. 20 சென்னில் மட்டும் வெற்றிலைப் பெட்டி. இது பாட்டிக்கு. ஒரு ரிங்கிட்டில் கிரிஸ் கத்தி. ஆயுதம் என்பதாலும் செல்லாது என்பதாலும் பரிசுத் தொகுப்பிலிருந்து நீக்கப்படுகிறது.

இந்தக் காசுகளைத் தொடலாம் என்பதல்ல விஷயம், தொட்டால்தான் விஷயம். பம்பரக் காசை நகத்தால் சுண்டிவிட்டால் மேசைமேல் பம்பரமாகவே சுற்றும். ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் ஐந்தில் மேளம் மட்டும் துள்ளி ஒட்டிக்கொள்ளும். அதன் வெண்கலத் தோலுக்குள் எஃகு. பட்டக் காசைச் செங்குத்தாக நிறுத்தி விளிம்பைச் சுற்றிப் பார்த்தால் ‘பேங்க் நெகாரா மலேசியா’ என்ற எழுத்துகள் ஓடும். சில்லறை எண்ணிக் கொடுத்தே வயசான பெரியவர்கள் பலர் இதைப் பார்த்ததில்லை. பையன் பார்த்தான். உடனே வீட்டிலிருந்த எல்லா 50 சென்னின் விளிம்பையும் பரிசோதிக்கக் கிளம்பிவிட்டான், உண்டியல் உடைந்தது.

2012 ஜனவரியில் மூன்றாம் வரிசை வந்தது. பம்பரமும் பட்டமும் போய்க் கைவினைக் கோலங்கள் வந்தன. 50 சென்னின் குறுக்களவு 27.75 மில்லிமீட்டரிலிருந்து 22.65க்கு இறங்கியது. அழகுக்குக் குறைவில்லை, ஆனால் கோலத்தோடு விளையாட முடியாது. ஆகவே 2012க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குத் தன் பிறந்த ஆண்டுக் காசைக் கொடுப்பதைவிட, தான் பிறக்கும் முன்பே போய்விட்ட பட்டத்தைக் கொடுப்பதே தகும் என்பது எங்கள் முடிபு. அலைய வேண்டாம். பழைய மைலோ டின் இருக்கிற எந்த வீட்டிலும் இவை உறங்குகின்றன. டின்னைக் கவிழ்த்துப் பிள்ளையையே பொறுக்கச் சொன்னால் பிறந்தநாள் மாலை முழுக்க ஓடிவிடும். தம்பி தங்கை கைக்குழந்தையாக இருந்தால் மட்டும் மேசைமேல் கவிழ்க்கவும், தரையில் வேண்டாம். குழந்தைகள் விழுங்கும் பொருள்களில் காசுக்கு முன்னணி இடம்.

இனி ஆட்சேபணை. இந்தத் தொகுப்பின் முகமதிப்பு 86 சென். இன்றும் செல்லும் காசுகள்தாம். ஆனால் 2008 ஏப்ரல் 1 முதல் கடைகள் தொகையை ஐந்தின் மடங்காக்கி வாங்குவதால் 86 சென் பில்லுக்கு 85தான் கேட்பார்கள். மேளத்தின் விலை பூஜ்யம். பெட்டிக்கும் ரிப்பனுக்கும் ஆகும் செலவு இதைப்போலப் பல மடங்கு. தாய்மாமன் 86 சென் கொடுத்தான் என்ற செய்தி கேக் தட்டுகள் காலியாவதற்குள் பிரிக்பீல்ட்ஸ்வரை எட்டிவிடும். சம்பந்தி வீட்டார் அதை நாணயவியல் கோணத்தில் அணுகுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே, காசுத் தொகுப்போடு தனிக் கவரில் 51 வெள்ளி வைப்பது கட்டாயம். அந்த ஒற்றை வெள்ளி 2005இலிருந்து தாளாகத்தான் இருக்க வேண்டியிருக்கிறது. கவரைப் பிள்ளையின் கையில் கொடுத்தாலும் போதும், அம்மா பத்திரமாக வைத்துக்கொள்வாள்.