வெயிலில் வராதீர்கள், வேலைக்கு வந்துவிடுங்கள்

சித்திரை பிறந்தால் போதும், அறிவிப்பு வந்துவிடும். பகல் 12 மணி முதல் 3 மணி வரை பொதுமக்கள் வெளியே வர வேண்டாம். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்கவும். பருத்தி ஆடை அணியவும். இளநீர், மோர், நுங்கு சாப்பிடவும். குழந்தைகளையும் முதியவர்களையும் காற்றோட்டமான அறையில் வைத்திருக்கவும். மருத்துவப்படி இதில் ஒரு வரிகூடப் பிழையில்லை. பிழை முகவரியில்தான். வெளியே வராமல் இருக்க முடிந்தவருக்கு இந்த அறிவிப்பு தேவையில்லை. தேவைப்படுகிறவர் அந்த நேரத்தில் மூன்றாவது மாடியில் சென்ட்ரிங் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்.

வெளியே வராதே என்று சொல்லும் அரசே நூறு நாள் வேலையில் என்ன செய்தது? 2023 ஜனவரியிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு முறை செயலியில் படம் எடுத்து வருகைப் பதிவு செய்யச் சொன்னது. காலையில் ஒரு படம், வேலை முடிந்திருந்தாலும் இரண்டாவது படத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஏரிக்கரையில் மரம் இருந்தால் அங்கே காத்திருந்த பாட்டியின் அதிர்ஷ்டம்.

அரசை மட்டும் சொல்லி நாம் தப்பித்துவிட முடியாது. அறிவுரையை ஒழுங்காகக் கடைப்பிடித்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, ஒரு கட்டுக் கொத்தமல்லிக்குக் கைப்பேசியைத் தட்டுகிறோம். உச்சி வெயிலில் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் பொதுமக்களில் சேர்த்தியில்லை போலும். இரண்டு நிமிடம் தாமதமானால் அவனுக்கு நட்சத்திரத்தைக் குறைக்கிற உரிமை வேறு நம்மிடம் இருக்கிறது.

அடுத்து, நிறையத் தண்ணீர் குடியுங்கள். குடிக்கலாம் ஐயா. குடித்த பிறகு எங்கே போவது? கட்டுமான இடத்துச் சித்தாளையும், தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரும் பெண்ணையும், சாலையில் காலையிலிருந்து நிற்கும் பெண் காவலரையும் கேளுங்கள். காலையில் வீட்டில் போனால் மறுபடி வீடு திரும்பித்தான். அதனால் தாகம் எடுத்தாலும் குடிப்பதில்லை. நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கோளாறும் வந்தால், ‘போதிய தண்ணீர் குடிக்காததே காரணம்’ என்று நோயாளியின் தலையிலேயே பழி விழும். பள்ளிகளில் தண்ணீர் குடிக்க மணி அடிக்கிறார்கள், நல்லது. அந்த மணி கேட்டுக் குடித்த பிள்ளை போகக்கூடிய நிலையில் கழிப்பறை இருக்கிறதா என்று யார் மணி அடித்துக் கேட்பது?

காற்றோட்டமான அறை என்கிறார்கள். தகரமும் சிமென்ட் ஷீட்டும் போட்ட ஒற்றை அறையில் மதியம் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அந்த வரியை எழுதியிருக்கலாம். வெளியைவிட உள்ளே சூடு. ராத்திரியும் இறங்காது. அங்கே கைக்குழந்தையோடு இருப்பவள் வாசலில்தான் உட்காருவாள். வாசலில் நின்ற வேம்பைச் சாலை அகலப்படுத்த வெட்டியாகிவிட்டது.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? ஓ.ஆர்.எஸ். கொடுங்கள் என்பதும் சரியான அறிவுரைதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொட்டலம் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் மருந்துக்கடையில் அதே பெயரை ஒட்டிக்கொண்டு சர்க்கரைத் தண்ணீர் டப்பாவில் விற்றது. சர்க்கரை கூடினால் வயிற்றுப்போக்கும் கூடும். ‘இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கரைசல் அல்ல’ என்று டப்பாவில் அச்சடித்தால் போதும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 இல் பெருந்தன்மை காட்டியது. ஐதராபாத்தில் ஒரு குழந்தை மருத்துவர் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் பெயரையே எடுக்கச் சொன்னது. அதுவரை விழிப்புணர்வு முழுக்கத் தாய்மாருக்குத்தான் நடந்தது, கம்பெனிக்கு நடக்கவில்லை.

நீர்மோர்ப் பந்தல்களை மறந்தால் நன்றி கெட்டவர் ஆவோம். தலைவர் படம் இருபதடி, பந்தல் பத்தடி. திறப்பு விழாவன்று தர்பூசணி, வெள்ளரி, மோர், கேமரா. மூன்றாம் நாள் பானையும் காலி, பந்தலில் ஆளும் காலி. தலைவர் மட்டும் வெயிலில் சிரித்தபடி நிற்கிறார். அவர் அச்சடித்தவர், அவருக்கு வியர்க்காது.

மக்களை வெயிலுக்கு வராதே என்பவர்கள் தமக்குக் கூட்டம் தேவையென்றால் என்ன செய்கிறார்கள்? 2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பை கார்கரில் திறந்த வெளியில் மகாராஷ்டிர அரசின் விருது விழா. மேடைக்குக் கூரை இருந்தது, மக்களுக்கு இல்லை. 14 பேர் செத்தார்கள். 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமான சாகசம். மணலில் பல லட்சம் பேரை உட்கார வைத்து, பகல் 11 மணிக்குத் தொடங்கி 1 மணிக்கு முடித்தார்கள். 5 பேர் வீடு திரும்பவில்லை. குடை, தண்ணீர், தொப்பி, கறுப்புக் கண்ணாடியோடு வரும்படி விமானப்படை முன்பே சொல்லியிருந்தது என்றார் சுகாதாரத் துறை அமைச்சர். அறிவுரை எதற்குப் பயன்படுகிறது என்று இப்போது புரிகிறதா? உயிரைக் காப்பாற்ற அல்ல, பிறகு ‘சொன்னோமே’ என்று சொல்ல.

அதே அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. பாராட்டலாம். ஆனால் வெயில்தான் கொன்றது என்று நிரூபிக்க வேண்டும். வேலையிடத்தில் சுருண்டு விழுந்தவனுக்குப் பெரும்பாலும் மாரடைப்பு என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். வெயிலை விசாரிக்க ஆளில்லை. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி ஒருவர் பேச்சுக் குழறி மயங்கினால், 108 வரும்வரை காத்திராமல் அங்கேயே உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். ஊற்றத் தண்ணீரும் கிடத்த நிழலும் அந்த இடத்தில் இருக்க வேண்டுமே!

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. கேரளத்தில் கோடைதோறும் தொழிலாளர் துறை வேலைநேரத்தை மாற்றி, 12 முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று உத்தரவு போடுகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெளிவேலைக்குத் தடை, மீறினால் ஆளுக்கு 5,000 திர்ஹாம் அபராதம். தொழிலாளிக்குச் சொர்க்கம் என்று யாரும் சொல்லாத துபாயில் நம்மூர்க் கொத்தனாருக்குச் சட்டப்படி நிழல் உண்டு. ஊருக்கு வந்தால் அவருக்கு அறிவுரை உண்டு.

ஜவுளிக்கடையில் நிற்பவர்களுக்கு நாற்காலி தர வேண்டும் என்று 2021 இல் சட்டம் போட்ட மாநிலம் இது. நாற்காலிக்குச் சட்டம் போட்ட கை நிழலுக்கும் போடட்டும். மதிய வேலைக்குத் தடை, அந்த நேரத்துக்குக் கூலி, வேலையிடத்தில் தண்ணீர், கழிப்பறை, மீறுகிற முதலாளிக்கு அபராதம். இவற்றை அரசாணையாகப் போடுங்கள். அதுவரை அடுத்த சித்திரைக்கு அந்த அறிவிப்பை அச்சடிக்காதீர்கள். தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும்.